எட்டாம் வரிசையின் ஒயர்கள்

சிட்லபாக்கம்
அக்டோபர் 6

அன்புள்ள அன்புக்கு,

இப்படிக் கடிதம் எழுத வேண்டிவரும் என்று தெரிந்திருந்தால் வேறு பெயருள்ள ஆளாகப் பார்த்துக் கட்டிக்கொண்டிருப்பேன்.

நானும் அத்தையும் இங்கே சௌக்கியம். அந்த உயரத்தில் உனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறதா, தலைவலி நின்றதா, முதலில் அதை எழுது.

ஆன்டெனா வேலைக்கு நீ லடாக் போய்ச் சேர்ந்த அன்று உங்கள் முகாம் ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். ரேடியோ டெலஸ்கோப் இருக்கிற இடமாம். ஒரு மொபைல் பேசினால்கூட வானத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடுமாம். அதனால் ஃபோன் கூடாது, கடிதம் போடலாம், அவசரத்துக்கு மட்டும் கீழே கிராமத்து ஆபீஸ் நம்பர் என்றார். உன் அம்மா அந்த நம்பரைக் காலண்டர் அட்டையில் எழுதிவிட்டு, "அவசரம்னா எவ்ளோ அவசரம்னு கேளு" என்று என் காதில் கிசுகிசுத்தார். நான் கேட்கவில்லை.

நம் ஒயர் யூனிட்டில் உன் டெஸ்டிங் மேஜைக்கு இன்னும் ஆள் போடவில்லை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிரும்போதெல்லாம் உன் முதுகைக் கண் தேடுகிறது. நேற்று பல்லாவரத்தில் ரயில் ஏறியதும் தூங்கிவிட்டேன். கனவில் நம் ஏரி முழுக்கப் பனியாகிக் கிடந்தது. அதன் மேல் நான் செருப்பில்லாமல் நடக்கிறேன், காலில் குளிரே இல்லை. யாரோ என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்கள். திரும்பிப் பார்க்கலாம் என்றபோது ரயில் நின்றது. சானடோரியத்தில் இறங்க வேண்டியவள் தாம்பரத்தில் நிற்கிறேன். பெட்டியில் யாருமே இல்லை. ஒரு நாய்தான் என்னைப் பார்த்தது.

சால்டர் புகை இப்போதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வெயில் காரணமாக இருக்கும். ஒன்று சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் எங்கோ போய்விட்டது.

காதை மூடாமல் வெளியே போகாதே.

ஜீவிதா


முகாம், லடாக்
அக்டோபர் 27

அன்புள்ள ஜீவி,

மூச்சு வருகிறது. படி ஏறினால்தான் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. தலைவலி போய்விட்டது. உன் தூக்கத்தையும் அம்மாவின் முழங்காலையும் பற்றி எழுது.

இங்கே சத்தமே இல்லை. காற்று நின்றுவிட்டால் நம் சட்டை உரசுவது நமக்கே கேட்கும். மண் பழுப்பு, மலை ஊதா, வானம் நீ கல்யாணத்துக்கு உடுத்தின புடவை. இதற்கு நடுவில் வரிசை வரிசையாகக் கவிழ்த்த குடைக்கம்பிகள் மாதிரி எங்கள் ஆன்டெனாக்கள். என்னோடு இருக்கிற அச்சுதன் பாலக்காட்டுக்காரர். எல்லா ஆன்டெனாவுக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே நடப்பார். முதல் வாரம் சிரித்தேன். இப்போது நானும் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆன்டெனாவின் காலடியிலும் ஒரு பெட்டி, அதற்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு. அதில் நம் யூனிட்டில் எல்லாரும் 'பட்டன்' என்று சொல்லும் அந்தக் குட்டிக் கனெக்டர். துவரம் பருப்பைவிடச் சின்னது. ஜாக்கெட் டிச் பட்டன் மாதிரி அழுத்தினால் டிக் என்று உட்காரும். அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் பெட்டிச் சுவருக்கு வந்து, திருகி மாட்டுகிற எஸ்.எம்.ஏ. கனெக்டரில் முடிகிறது. வேறெதுவும் அந்த இடத்தில் அடங்காது. இந்த மைதானத்துக்கு வேண்டிய அத்தனை பட்டனையும் ஒரு டிஃபன் பாக்ஸில் அடைத்துவிடலாம்.

முதல் பெட்டியைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். சால்டர் முடிகிற இடத்தில் சின்ன வால் இடது பக்கம் சாய்ந்திருந்தது. இடதுகைக்காரி வேலை. உலகத்தின் இந்த மூலையில் உன் கையைப் பார்த்துவிட்டேன். அன்று முழுக்க அச்சுதன் என்னை என்ன கேட்டாலும் சரி சரி என்றேனாம்.

சொல்ல வந்ததை ஞாபகம் வந்ததும் எழுது.

அன்பு


சிட்லபாக்கம்
நவம்பர் 16

அன்புள்ள அன்புக்கு,

மழையும் நாங்களும் நலம். ஏரி ரோட்டைத் தொட்டுவிட்டது. அத்தையின் முழங்கால் மழைக்கு முன்னாலேயே வலித்துக் காட்டிவிடுகிறது. டிவியில் வானிலை பார்ப்பதை நிறுத்திவிட்டார். நீ குளிக்கிறாயா இல்லையா என்று கேட்கச் சொன்னார். நான் உன்னை 'நீ' என்று எழுதுவது அவருக்குத் தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரகசியமாக எழுதுகிறேன்.

பட்டனை நீங்கள் அடிக்கடி கழற்றி மாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும், டெஸ்டிங் ஆட்கள் புத்தி. செய்யாதே. முப்பது தடவைதான் அதற்குக் கணக்கு. அதற்கு மேல் உள்வளையம் தளர்ந்துபோகும். பார்க்க நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும், பிடி இருக்காது. ஒயரைப் பிடித்தும் இழுக்காதே, அதற்குக் கொக்கி அனுப்பியிருக்கிறோம். எஸ்.எம்.ஏ. எவ்வளவோ தாங்கும். ஆனால் ஸ்பேனர் க்ளிக் என்ற பிறகு ஒரு முறுக்கு முறுக்குவாய் பார், அதுதான் அதற்கு எமன்.

வெள்ளிக்கிழமை ஜெரூஷா என்னைப் பல்லாவரம் சந்தைக்கு இழுத்துப் போனாள். போன வருஷம் சேர்ந்த பெண், என் பக்கத்து ஸீட், ஞாபகமிருக்கும். பழைய எலக்ட்ரானிக்ஸ் குவித்திருக்கிற இடத்தில் உடைந்த வைஃபை பெட்டி, லேப்டாப், யாரோ பறக்கவிட்டு விழுந்த ட்ரோன். எல்லாவற்றுக்குள்ளும் நம் பட்டன். எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கின்றன! மேலே விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கிக்கொண்டு மிகத் தாழ்வாகப் போனது. சந்தை மொத்தமும் ஒரு நிமிஷம் நிழலாகி மறுபடி வெயிலானது. எனக்குக் காரணமில்லாமல் கண் கலங்கிவிட்டது. ஜெரூஷா கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

நான் இப்போது சால்டரில் இல்லை, டெஸ்டிங்கில். உன் மேஜைதான். கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு. வேறு விசேஷமில்லை.

ஜீவிதா


முகாம்
டிசம்பர் 8

அன்புள்ள ஜீவி,

அச்சுதனுக்கும் எனக்கும் உதடு வெடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. குளிப்பது பற்றி அம்மாவிடம் நீயே ஏதாவது நல்ல பதிலாகச் சொல்லிவிடு.

இங்கே ஒரு சங்கடம். எட்டாம் வரிசை ஆன்டெனாக்கள் இருட்டினதும் ஒன்றொன்றாக ஊமையாகின்றன. காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீ திட்டுவாய் என்று தெரிந்தும் கழற்றி மாட்டிப் பார்த்தோம். புதிய ஒயர்கள் கேட்டு வாங்கி மாட்டினோம். மறுபடி ஊமை.

புது ஒயர்களை லென்ஸில் பார்த்தேன். வால் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் உன் கை அல்ல. கண்ணுக்கு ஓய்வு என்றாய். கண்ணில் என்ன? சால்டர் ஸீட்டை யாருக்கும் விடமாட்டேன் என்று மேனேஜரிடமே சண்டை போட்டவள் நீ. போன கடிதம் முழுக்க ஒயரைப் பற்றி எழுதிவிட்டு உன்னைப் பற்றி மூன்று வரி எழுதினாய். என் மேல் கோபமா?

இன்னொன்று. எங்கள் தலைமை மேடம் என்னை இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். ஜனவரி பதினைந்துக்குள் பதில் வேண்டுமாம். நான் வீட்டில் இல்லாதது உனக்கு நிம்மதியாக இருக்குமோ என்று சில சமயம் தோன்றுகிறது. அப்படி இருந்தாலும் எழுது, தாங்கிக்கொள்வேன். இரு என்றால் இருக்கிறேன், வா என்றால் வருகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அன்பு


சிட்லபாக்கம்
ஜனவரி 4

அன்புக்கு அம்மா ஆசீர்வாதம் பண்ணி எழுதறது.

நல்லா கீறியா? ஒதடு வெடிச்சா வெண்ணெ தடவு. அங்க எரும இல்லன்னா யாக்குன்னு ஒண்ணு கீதாமே, அதோட வெண்ணெய தடவு.

உன் லெட்டரு வந்துச்சி. ஜீவிதாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. டாக்டரு படுத்துக்கினே இருன்னு சொல்லிட்டாரு. பயப்படாத, இப்ப பரவால்ல. நாந்தான் எழுந்திரிக்காம பாத்துக்கறேன். ராத்திரி பகலு தூங்கறா. தூக்கத்துல சிரிக்கறா. அவ எழுந்து உக்காந்தா அவளே எழுதுவா. நான் இதுக்கு மேல எழுத மாட்டேன், அவ கையில அடிச்சி சத்தியம் பண்ணி குடுத்துட்டேன்.

லீவு குடுத்தா வா. குடுக்கலன்னா கம்முனு இரு, சண்ட கிண்ட போடாத.

ஜெரூஷா பொண்ணு தெனமும் வந்து அவளுக்குத் தல வாரி வுட்டுட்டுப் போவுது. நல்ல பொண்ணு. இந்த லெட்டரையும் அதுதான் போஸ்ட்ல போடுது.

இப்படிக்கு
அம்மா கனகவல்லி


முகாம்
ஜனவரி 26

அன்புள்ள ஜீவி,

அம்மாவின் கடிதம் முந்தாநாள் சப்ளை லாரியில் வந்தது. வந்ததும் கிராமத்துக்கு இறங்கினேன். கிறிஸ்துமஸ் பனியில் ஃபோன் லைன் அறுந்ததாம், மார்ச் வரை யாரும் கம்பத்தில் ஏற மாட்டார்களாம். கிராமத்தைத் தாண்டிக் கீழே போகிற பாதையிலும் ஆட்களை விடுவதில்லை, சப்ளை லாரிக்கும் தபாலுக்கும் மட்டும்தான் வழி. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். உனக்கு என்ன? தூக்கத்தில் எதற்குச் சிரிக்கிறாய்? சத்தியம் பண்ணி மறைக்கிற அளவுக்கு என்ன இருக்கிறது?

இதை எழுதாமல் இருக்க முடியாது. பதினைந்தாம் தேதி வரை உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அதையே உன் பதிலாக எடுத்துக்கொண்டேன். மேடத்திடம் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

எட்டாம் வரிசை புரிந்துவிட்டது. ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சூரியன் மறைகிறவரை அச்சுதனும் நானும் வெளியிலேயே உட்கார்ந்திருந்தோம். குளிர் இறங்க இறங்க ஒயர் விறைத்துச் சுருங்கியது. பட்டனை ஒரு பக்கமாகத் தூக்கியது, கண் முன்னாலேயே. கழன்று விழவில்லை, மயிரிழை விலகியது, அவ்வளவுதான். காலை வெயில் பட்டதும் ஒயர் தளர்ந்து தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் பகலில் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த வரிசையில் மட்டும் பெட்டி கொஞ்சம் அகலம். ஒயர் எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன செய்யலாம் சொல். உன்னைவிட்டால் கேட்க ஆளில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரு வரி போதும், எழுது.

அன்பு


சிட்லபாக்கம்
பிப்ரவரி 12

அன்புள்ள அன்புக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லாரும் நலம். எனக்கு உடம்பு தேவலை. வேலைக்குப் போகவில்லை, லீவு போட்டிருக்கிறேன்.

எட்டாம் வரிசைக்கு ஒயரை மூன்று சென்டிமீட்டர் நீளமாக்கி ஒரு வளைவு விட்டு மாட்டலாம். இழுத்துக் கட்டினால் எந்தச் சின்னக் கனெக்டரும் தாங்காது. போர்டில் இடமிருந்தால் பட்டனை விட்டுவிட்டுத் திருகுகிற வகைக்கு மாறுவது இன்னும் நல்லது. இடமில்லையென்றால் பட்டன் தலைமேல் ஒரு சின்ன க்ளிப் வைத்து அமுக்கிவிடுங்கள். ஏற்கெனவே பலமுறை கழற்றின பட்டன்களைப் பயன்படுத்த வேண்டாம். ஜெரூஷாவிடம் சொல்லியிருக்கிறேன், புது ஒயர் தயாராகும்.

நீ இன்னொரு வருஷம் இருப்பது பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் இஷ்டம்.

ஜீவிதா


சிட்லபாக்கம்
பிப்ரவரி 13

அன்பு,

நேற்றைய கடிதத்தை அத்தையிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மதியம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்: "எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"அத எழுதிட்டியான்னு கேட்டேன்."

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். உன் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஆறாம் மாசம்.

நீ கிளம்பிப் போன இரண்டாம் வாரம் தெரிந்தது. முதல் கடிதத்திலேயே எழுத உட்கார்ந்தேன். முதல் குழந்தை மூன்றாம் மாசத்தில் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நின்றாய். இரண்டாவது ஐந்தாம் மாசத்தில் போனபோதும் அதே இடத்தில் நின்றாய். என்னை வெளியே கொண்டுவரும்போது உன் முகத்தைப் பார்த்தேன், நீ அதைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதன் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு போதுமா, கதவைச் சாத்தியாச்சா, இவ்வளவுதான் நம் வீட்டில் பேச்சு. அந்த முகத்தை மூன்றாவது தடவை என்னால் பார்க்க முடியாது. நீ தூரத்தில் இருக்கும்போதே நடக்கிறது நடந்துவிடட்டும், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். அத்தையிடம் சத்தியம் வாங்கினேன். புகை ஆகாது என்று ஸீட்டை ஜெரூஷாவுக்குக் கொடுத்தேன்.

டிசம்பர் கடைசியில் ரத்தம் பட்டது. அந்த நம்பரைக் கூப்பிடுகிறேன் என்று அத்தை நின்றார். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம், படுக்கையிலேயே இரு என்றார் டாக்டர். உன் கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. வா என்று எழுதினால் ஏன் என்று கேட்பாய். இரு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் ஒன்றுமே எழுதவில்லை. உன்னைக் கையெழுத்துப் போட வைத்தது அதுதான் என்று இப்போது தெரிகிறது.

படுத்தே கிடப்பதால் பகலும் கனவும் கலந்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, நான் தண்ணீருக்கு அடியில் இருக்கிறேன், மேலே யாரோ படகில் போகிறார்கள். விழித்தால் வயிற்றுக்குள் ஒரு உதை. மீன் திரும்புகிற மாதிரி மெத்தென்று. இவ்வளவு தூரம் எதுவும் வந்ததில்லை அன்பு. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லவே பயமாகவும் இருக்கிறது.

உன் இஷ்டம் என்று நேற்று எழுதினேன். பொய். வா.

ஜீவி


முகாம்
மார்ச் 9

என் ஜீவி,

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம்தான் முதலில் வந்தது. 'உன் இஷ்டம்' இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது, படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். அச்சுதன் நான் கீழே விழப் போகிறேன் என்று நினைத்து நாற்காலியை என் பின்னால் தள்ளினார். என்ன என்று கேட்டார். கடிதத்தையே நீட்டினேன். அவர் தமிழை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வெளியே போய் ஆன்டெனாக்களைப் பார்த்து மலையாளத்தில் ஏதோ கத்தினார். இந்த இடத்தில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை.

அன்றே கிராமத்துக்கு இறங்கினேன். லைன் சரியாகியிருந்தது. அவ்வளவு பனியில் நடந்து போய், நீ ஹலோ என்றதும் எனக்கு வந்தது "சாப்டியா?" மட்டும்தான். நீயும் "ம், சாப்டேன். நீ?" என்றாய். அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம். பின்னால் நின்ற கிழவர் நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து எனக்கு ஒரு வறுத்த வாதுமைப் பருப்பு கொடுத்தார். ஃபோனில் நமக்கு வராது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வராந்தாவில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்: உன்னைப் பிழைக்க வைத்துக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன். அதை உன்னிடம் சொன்னால் குழந்தை எனக்கு முக்கியமில்லை என்று நினைத்துக்கொள்வாயோ என்று சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் விட்டதே வீடு முழுக்க நிரம்பிவிட்டது. இங்கே வந்த பிறகு உன் கடிதங்களில்தான் மறுபடி உன் குரல் கேட்டது.

மேடத்திடம் பேசிவிட்டேன். போட்ட கையெழுத்தைத் திருப்பித் தர முடியுமா என்றுதான் ஆரம்பித்தேன். முழுக்கக் கேட்காமலேயே, "எட்டாம் வரிசை ஓடினதும் கிளம்புங்க. அதுக்குள்ள பாதையும் திறந்துடும்" என்றார். ஜெரூஷாவிடம் சொல், ஒயர் சீக்கிரம் வேண்டும்.

நான் சந்தோஷமாக இருக்கிறேன். எனக்கும் பயமாக இருக்கிறது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

அன்பு


சிட்லபாக்கம்
மார்ச் 28

அன்புள்ள அன்புக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். மூன்று என்று எழுதிப் பார்த்தேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வராந்தா வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். "மீதி?" என்றார். "மீதி ஒயரைப் பத்தி அத்தை" என்றேன். "ஒயரப் பத்தி படிக்கறதுக்கு எதுக்குடி மூக்க உறிஞ்சற" என்று எழுந்து போய்விட்டார்.

ஒயர்கள் நேற்று கிளம்பிவிட்டன. ஜெரூஷா மைக்ரோஸ்கோப்பை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள், மேனேஜரிடம் எப்படிக் கேட்டாளோ. புகை என் பக்கம் வராமல் அவள் பால்கனியில் உட்கார்ந்து சால்டர் வைத்தாள். நான் கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொன்றாக வாங்கி லென்ஸில் பார்த்துக் கொடுத்தேன். அத்தை நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் பஜ்ஜி. கீழே ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்கள். எல்லாம் மூன்று சென்டிமீட்டர் நீளம். வளைவு விட்டு மாட்டு, உன் பழக்கத்தில் இழுத்துவிடாதே. இடம் இருக்கிற பெட்டிகளுக்குத் திருகு வகையும் வைத்திருக்கிறோம்.

டாக்டர் மே பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி மேலே ஏறவில்லை. ரத்தம் தேவைப்படலாம், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றார். இதை எழுதாமல் விடலாமா என்று ஒரு நிமிஷம் பேனாவைத் தூக்கிப் பிடித்தேன். எழுதிவிட்டேன்.

வளைகாப்பு வேண்டாம் என்றேன். அத்தை கேட்கவில்லை. ஜெரூஷாவும் அவள் அம்மாவும் வந்து முதல் வளையல் போட்டார்கள். கையை அசைத்தால் வீடு முழுக்கச் சத்தம். உள்ளே இருக்கிறதும் பதிலுக்குத் திரும்புகிறது.

பத்திரமாக வா.

ஜீவி


குரோம்பேட்டை, ஆஸ்பத்திரி
மே 12, காலை

அன்பு,

நர்ஸிடம் பேப்பர் கேட்டு வாங்கினேன். இந்தக் கதவைத் தாண்டி ஆம்பிளைகளை விடமாட்டார்களாம். நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக அத்தை சொன்னார். அவர்தான் தபால்காரர்.

பத்து நாளாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தோல் உரிந்த மூக்கோடு வந்து நின்றாய். எட்டாம் வரிசை விடிய விடிய ஓடுகிறது என்றாய். எனக்குத் தலையணை வைத்தாய், கால் பிடித்துவிட்டாய். விருந்தாளிகள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எழுதினதையெல்லாம் பேச இரண்டு பேருக்கும் இன்னும் வாய் வரவில்லை.

இப்போது என்னைக் கூட்டிப் போகப் போகிறார்கள். முழு மயக்கம் கொடுப்பார்களாம். பயமாக இருக்கிறது அன்பு. என்ன ஆனாலும் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. எப்படி இருக்கிறதோ அப்படியே என்னைப் பார். நானும் பார்ப்பேன்.

ஜீவி


அதே இடம்
மே 12, மதியம்

ஜீவி,

உன் பேப்பரின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். நீ இன்னும் தூங்குகிறாய்.

உன்னை உள்ளே கொண்டுபோன பிறகு வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. பிறகு ஒரு நர்ஸ் ஓடி வந்து ரத்தம் என்றார். ஜெரூஷாவின் அண்ணன் அசரியா நேற்றே வந்து கொடுத்து வைத்திருந்தார், அதை எடுத்துப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் வந்து, "அழுவணும்னா அழுடா, யார்ரா ஒன்ன வேணாம்னா" என்றார். அந்த வராந்தாவில், அத்தனை பேர் நடுவில், சத்தமாக அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கதவு திறந்தது. "ஜீவிதா வீட்டுக்காரர் யாரு?" என்று கேட்டார்கள். ஸ்கூலில் அட்டெண்டன்ஸுக்குத் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கிவிட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார்கள். பெண். நான் முதலில் கேட்டது, "அவ எப்படி இருக்கா?" என்று. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க சார், ரத்தம் நின்னுடுச்சு" என்றார் டாக்டர். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். அவள் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அவளை வாங்கிக்கொண்டு யாருக்கும் தரமாட்டேன் என்கிறார். ஜெரூஷா யூனிட்டுக்கு ஃபோன் போட்டு எல்லாரையும் கத்தவைத்துக்கொண்டிருக்கிறாள். என் முகம் வீங்கிப் பார்க்கச் சகிக்காது. உன்னை வார்டுக்கு மாற்றியதும் அப்படியேதான் உள்ளே வருவேன்.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, பழையதும் புதியதும். கண் விழித்ததும் இதைப் படிக்க வேண்டாம் ஜீவி. என்னைக் கூப்பிடு. நானே சொல்கிறேன்.

அன்பு